உள்ளங்கால் புண் 5 வாரமா ஆறல. டாக்டர் எழுதின கட்டை மாத்தணும்னு தோணுது. நீங்க எல்லாம் எப்படி முடிவு எடுக்கறீங்க?

பென்னாகரம் செவிலி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்துல, மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடாப் போற பாலியேட்டிவ் கேர் (தீராத நோய்க்காரங்க வேதனையைக் குறைக்கிற கவனிப்பு) நர்ஸ் நான். வேலைக்கு வந்து மூணு வருஷம் ஆகுது. படுத்த படுக்கையா இருக்கறவங்க, புற்றுநோய்க்காரங்க, சர்க்கரைப் புண்ணுக்காரங்கன்னு ஒரு நாளைக்கு ஆறேழு வீடு. வண்டி போற வரைக்கும் வண்டி, அதுக்கு அப்புறம் நடை. பையில சலைன் பாட்டில், காஸ், பஞ்சு பேடு, ரோலர் பேண்டேஜ், அயோடின், பாரஃபின் காஸ் (புண்ணுல ஒட்டாத மெழுகு தடவின துணி), கையுறை. இதை வெச்சுத்தான் எல்லாப் புண்ணையும் பாக்கணும்.

ஏரியூர் பக்கம் ஒரு ஊர்ல ஒரு பெரியவர் இருக்கார். 58 வயசு. பத்துப் பதினஞ்சு ஆடு மேய்க்கிறார், கொஞ்சம் கடலைக்கா கொல்லையும் உண்டு. சர்க்கரை வந்து பன்னெண்டு வருஷமாச்சு. வலது உள்ளங்கால்ல, பெருவிரலுக்குக் கீழ இருக்கிற மேட்டுல புண்ணு. வெளியில ஒரு ஆஸ்பத்திரியில காட்டி, "தினமும் அயோடின் வெச்சு டிரஸ்ஸிங்"னு சீட்டுல எழுதி வாங்கிட்டு வந்தாங்க. நான் வாரத்துல ரெண்டு நாள் போறேன், மத்த நாள் அவரு சம்சாரம் கட்டுறாங்க. முதல் நாள் ஸ்கேல் வெச்சு அளந்தேன்: நீளம் 3.2, அகலம் 2.5 சென்டிமீட்டர். இந்த வாரம் 3.1, 2.4. அஞ்சு வாரத்துல ஒரு நூல் அளவுதான் குறைஞ்சிருக்கு. சீழ் இல்ல, நாத்தம் இல்ல, காய்ச்சல் இல்ல. புண்ணு சிவப்பாத்தான் இருக்கு. சுத்தி வெள்ளையா தடிப்பு கட்டிக்கிட்டே வருது. கேட்டா, "வலியே இல்லையேம்மா, எனக்கு ஒண்ணும் பண்ணல, நீ கட்டு"ன்னு சொல்லிட்டு, கட்டு முடிஞ்ச கையோட ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிடறார்.

சுத்தமான சிவப்புப் புண்ணுல தினமும் அயோடின் ஊத்தக்கூடாது, புதுசா வளர்ற சதையை அது கெடுக்கும்னு படிச்சிருக்கேன். நிறுத்திட்டு சலைன் மட்டும் போடலாமான்னு கை பரபரக்குது. ஆனா எழுதினது டாக்டர். நான் யாரு மாத்தறதுக்கு?

எனக்கு இருக்கிற பயத்துக்கு ஒரு காரணம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். முதல் வருஷம் ஒரு பாட்டி. குதிகால்ல கருப்பா, தோல் செருப்பு மாதிரி காஞ்சு ஒட்டிக்கிட்டு ஒரு பொருக்கு. வேற ஒரு இடத்துல எழுதின சீட்டு: "ஈரக் கட்டு போட்டு ஊறவெச்சு எடுக்கவும்." எழுதினபடி செஞ்சேன். பத்து நாள் சலைன் காஸ் வெச்சேன். பொருக்கு இளகிச்சு, உள்ள ஈரமா நாத்தம் எடுத்துச்சு, அப்புறம் பாதம் பூரா ஏறிடுச்சு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. அந்தப் பத்து நாள்ல ஒரு நாள்கூட அந்தப் பாட்டி கால்ல நாடி ஓடுதான்னு விரல் வெச்சுப் பாக்கல நான். ஆர்டர்ல இருக்குன்னு செஞ்சேன். பாட்டி இப்பவும் என்னைப் பாத்தா "வாம்மா கண்ணு, காபித்தண்ணி குடி"ன்னுதான் கூப்பிடறாங்க. என்னால அந்த வீட்டுத் திண்ணையில உக்காரவே முடியல.

அதனால கேக்கறேன். அனுபவம் உள்ள சிஸ்டருங்க, ஒரு புண்ணு முன்னாடி உக்காந்ததும் முதல்ல எதைப் பாப்பீங்க? இப்படியே போகட்டும், மாத்தணும், உடனே அனுப்பணும்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க? புத்தகத்துல இருக்கிற படம் எனக்கும் தெரியும். நீங்க உங்க கையால செய்றதைச் சொல்லுங்க.

---

அரூர் ஸ்டாஃப் நர்ஸ்

சிஸ்டர், பதினாலு வருஷ சர்வீஸ்ல சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆர்டரை நாம மாத்தக்கூடாது. நீங்க நல்ல எண்ணத்துல அயோடினை நிறுத்துவீங்க. அடுத்த வாரம் அவர் செருப்பில்லாம சாணியில மிதிச்சு சீழ் வெச்சா, "நர்ஸ் மருந்தை நிறுத்திட்டாங்க"ன்னுதான் வீட்டுக்காரங்க சொல்வாங்க. விசாரணைன்னு வந்தா உங்க பக்கம் யாரும் நிக்க மாட்டாங்க. எங்க வார்டுல ஒரு பையனுக்கு இப்படி நடந்து மெமோ வாங்கினான், அவன் செஞ்சது சரியான கட்டுதான், அதைக் கேக்க ஆளில்ல.

பாட்டி விஷயம் படிச்சு மனசு கஷ்டமாயிடுச்சு. ஆனா அது உங்க தப்பு இல்ல. எழுதினவங்க தப்பு. ஆர்டர்படி செஞ்சிருக்கீங்க.

---

ஓய்வுபெற்ற சிஸ்டர், காவேரிப்பட்டணம்

கண்ணு, உன் கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். நான் 1986-ல வேலைக்குச் சேந்து 2019-ல ஓய்வு. அதுல பாதிக்கு மேல ஆண்கள் சர்ஜரி வார்டு. அந்த வார்டுன்னா கால் புண்ணு வார்டுதான்.

முதல்ல பாட்டி. அரூர் தம்பி உன் தப்பு இல்லன்னு சொல்றார், உனக்கு ஆறுதலா இருக்கும். நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கேட்டுக்கோ. காஞ்ச கருப்புப் பொருக்கு குதிகால்ல இருந்து, கால்ல ரத்த ஓட்டம் இல்லன்னா, அதை ஊறவைக்கவே கூடாது. காய்ஞ்சபடியே விட்டு, மேல அயோடின் தடவி, காத்தோட்டமா மூடி, குதிகால் படுக்கையில படாம தலகாணியில கெண்டைக்காலைத் தூக்கி வெச்சு, ரத்தக்குழாய் பாக்கிற டாக்டர்கிட்ட அனுப்பணும். அந்தப் பொருக்குதான் அங்க மூடி மாதிரி இருக்கு. எழுதினவர் காலைத் தொட்டுப் பாத்திருப்பாரோ என்னவோ. தினமும் தொட்டவ நீ. "நாடி தெரியலங்க சார், ஊறவைக்கலாமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவரே வேண்டாம்னு சொல்லியிருப்பார். உன்னைக் குத்திக்காட்ட எழுதல. இதே தப்பை நானும் செஞ்சிருக்கேன், ஒரு தடவை இல்ல. நாங்க சேந்த காலத்துல படுக்கைப் புண்ணுக்கு மேல பல்பு எரியவிட்டுக் காயவைப்போம். முட்டை வெள்ளைக்கரு தடவி ஆக்சிஜன் காட்டுவோம். 1962-லயே ஜார்ஜ் விண்டர்னு ஒருத்தர் பன்னித் தோல்ல சோதிச்சு, ஈரப்பதமா மூடி வெச்ச புண்ணுல காயவிட்ட புண்ணைவிட சீக்கிரம் தோல் மூடுதுன்னு எழுதிட்டார். அது எங்க வார்டு வரைக்கும் வந்துசேர முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் மூத்த சிஸ்டர் செஞ்சதை நான் செஞ்சேன், நான் செஞ்சதை எனக்குப் பின்னாடி வந்த பொண்ணுங்க செஞ்சாங்க.

சரி, கையால செய்றதைக் கேட்ட.

நான் புண்ணை முதல்ல பாக்க மாட்டேன். ஆளைப் பாப்பேன். வாசல்ல இருந்து எப்படி நடந்து வர்றார், எந்தப் பக்கம் சாயறார். அப்புறம் செருப்பு. செருப்பைக் கையில எடுத்துத் திருப்பிப் பாப்பேன். எந்த இடம் தேஞ்சிருக்கோ அங்கதான் பாரம் விழுது. உள்ள விரலை விட்டுத் தடவுவேன், முள்ளு, கல்லு, ஆணி எல்லாம் அங்க இருந்து எடுத்திருக்கேன். மரத்துப்போன காலுக்கு அது தெரியாது.

அப்புறம் பழைய கட்டு. இதை எங்கிட்ட வேலை கத்துக்கிட்ட எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்: கழட்டின கட்டை உடனே பக்கெட்ல போடாதே. விரிச்சு வெச்சுப் பாரு. எத்தனை மடிப்பு நனைஞ்சிருக்கு? ஓரத்துல மட்டும் மஞ்சள் கறையா, நடுவுல பச்சை நீலமா? பச்சை நீலம் வந்து ஒரு மாதிரி தித்திப்பு வாடை அடிச்சா சூடோமோனஸ் கிருமியைச் சந்தேகப்படு. காஸ் புண்ணோட ஒட்டி, இழுக்கும்போது புள்ளி புள்ளியா ரத்தம் வந்தா, நேத்து வளர்ந்த தோலை நீ இன்னிக்குப் பிச்சு எடுக்கறேன்னு அர்த்தம். அப்ப கட்டு ரொம்பக் காயுது, இல்லன்னா ரொம்பத் தடவை அவுக்கற. கட்டு முழுக்கச் சொதசொதன்னு ஊறி சுத்தி இருக்கிற தோல் வெளுத்துப் போயிருந்தா அது எதிர் பக்கம், பேடு போதல. எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்னு அந்தப் பழைய கட்டே காட்டிக் குடுக்கும்.

அதுக்கு அப்புறம்தான் புண்ணு. சலைன்ல கழுவு. கழுவினதுக்கு அப்புறம் பாரு, முன்னாடி இல்ல. கல்ச்சர், அதான் என்ன கிருமின்னு பாக்கிற டெஸ்ட், எடுக்கச் சொன்னாலும் கழுவின பிறகுதான் எடுக்கணும், மேல இருக்கிற சீழை எடுத்து அனுப்பினா ஊர்ல இருக்கிற கிருமி எல்லாம் வரும். பிறகு பாதத்து மேல ஒரு நாடி, உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னாடி ஒரு நாடி. ரெண்டையும் ரெண்டு கால்லயும் தொட்டுப் பாரு. அவசரப்படாதே, சில பேருக்குத் தேட நேரம் ஆகும். சர்க்கரைக்காரங்களுக்குக் குழாய் கல்லு மாதிரி இறுகிப் போய், கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால வகுத்துப் பாத்தா சில பேருக்கு 1.3-க்கு மேல வரும். நல்லா இருக்குன்னு ஏமாந்துடாதே. 0.9-க்குக் கீழ வந்தா ஓட்டம் குறைவு. அதை அளக்கிற டாப்ளர் கருவி உன் பையில இருக்காது, டாக்டர் அனுப்பினா பெரிய ஆஸ்பத்திரியில பாப்பாங்க. உனக்கு விரல் போதும், பாதம் சில்லுன்னு இருக்கா, ரோமம் உதிர்ந்து தோல் பளபளன்னு இருக்கான்னு கண்ணு போதும்.

ஆழமா இருந்தா சுத்தமான புரோப் (மழுங்கின முனை உள்ள கம்பி) விட்டு எலும்பு தட்டுதான்னு டாக்டரைப் பாக்கச் சொல்லு. கடக்குன்னு தட்டினா எலும்புலயே கிருமி இருக்கலாம், மேல என்ன கட்டு போட்டும் புண்ணியமில்ல. சிவப்பு ஓரத்துல இருந்து 2 சென்டிமீட்டருக்கு மேல பரவினா, அமுக்கும்போது தோலுக்கு அடியில நறநறன்னா, காய்ச்சல் வந்தா, இல்ல சர்க்கரை காரணமே இல்லாம 300, 400-ன்னு ஏறினா, அன்னிக்கே அனுப்பு. மறுநாள்னு வெக்காதே. சர்க்கரைக்காரங்களுக்குச் சீழ் வெச்சும் வலி இல்லாம இருக்கலாம், காய்ச்சல்கூட சில சமயம் வராது.

இப்ப உன் பெரியவர். நீ எழுதினதுல எனக்குப் பட்டது அயோடின் இல்ல. "சுத்தித் தடிப்பு கட்டிக்கிட்டே வருது", "வலியே இல்ல", "ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிடறார்". இந்த மூணும் ஒண்ணுதான். அந்தப் புண்ணு மிதிபட்டு மிதிபட்டு ஆறாம இருக்கு. வேலூர்ல பால் பிராண்ட்னு ஒரு டாக்டர் தொழுநோய்க்காரங்க கால்ல இதைத்தான் கண்டுபிடிச்சார். சதை தானா அழுகல, உணர்ச்சி இல்லாததால அவங்க அதே இடத்துல திரும்பத் திரும்ப மிதிச்சுக் கெடுத்துக்கறாங்கன்னு. சர்க்கரைக் காலும் அதே கதைதான். நீ உலகத்துல இருக்கிற விலை கூடின கட்டைக் கொண்டு வந்து போடு, அவர் அதை மிதிச்சுக்கிட்டு நாலு மைல் ஆடு மேய்ச்சா ஆறாது. அயோடினை நிறுத்தினா மட்டும் ஆறிடும்னு நினைச்சுடாதே. அது சின்ன விஷயம். பாரத்தை இறக்கறதுதான் பெருசு. முட்டி வரைக்கும் கழட்ட முடியாத மாதிரி மாவுக்கட்டு போடறது நல்ல வழி, ஆனா ஓட்டமும் சரியா இருந்து சீழும் இல்லாம இருந்தாத்தான், அதை டாக்டர் முடிவு பண்ணணும். அது முடியலன்னா எம்.சி.ஆர். செருப்பு (மரத்துப்போன காலுக்குன்னு மெத்துன்னு ரப்பர்ல செய்றது), அந்த மேட்டுல பாரம் விழாத மாதிரி திருத்தி வாங்கணும். தடிப்பை டாக்டர் சீவி எடுக்கணும், தடிப்பு இருக்கறதே உள்ள ஒரு கல்லு வெச்ச மாதிரி.

அரூர் தம்பிக்கு ஒரு வார்த்தை. ஆர்டரை நாம மாத்தக்கூடாதுன்னு சொல்றது சரிதான், நானும் மாத்தினது இல்ல. ஆனா பாத்ததைச் சொல்லாம இருக்கறது ஆர்டரைக் காப்பாத்தறது ஆகாது தம்பி. எழுதினவர் ஒரு நாள் பாத்தார். அஞ்சு வாரம் பாத்தது இந்தப் பொண்ணு. அந்த மெமோ வாங்கின பையன், மாத்தறதுக்கு முன்னாடி யாருக்காவது சொல்லி ஷீட்ல எழுதியிருந்தா வாங்கியிருக்க மாட்டான்.

எப்படிச் சொல்றதுன்னும் சொல்லித் தர்றேன். "சார், அயோடின் வேண்டாம்னு தோணுது"ன்னு போய் நிக்காதே. டாக்டருக்கும் ரோஷம் வரும். இப்படிச் சொல்லு: "சார், 58 வயசு, சர்க்கரை 12 வருஷம். பெருவிரல் மேட்டுப் புண்ணு. அஞ்சு வாரம் முன்னாடி 3.2-க்கு 2.5, எட்டு சதுர சென்டிமீட்டர். இப்ப 3.1-க்கு 2.4, ஏழரை. சீழ் இல்ல, சிவப்பு பரவல, நாடி இப்படி இருக்கு, தடிப்பு இவ்வளவு இருக்கு, அதே காலோட ஆடு மேய்க்க நடக்கிறார்." அவ்வளவுதான், நிறுத்து. நாலு வாரத்துல சர்க்கரைப் புண்ணு பாதியாவது சுருங்கணும், சுருங்கலன்னா வேற என்னமோ இருக்குன்னு அவருக்கும் தெரியும். அவரே அடுத்த கேள்வி கேப்பார். அப்ப நீ, "சலைன்ல கழுவி பாரஃபின் காஸ் வெச்சு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்தட்டுமா சார்"னு கேளு.

அளந்து வெச்சியே, அது ரொம்ப நல்ல காரியம் கண்ணு. நிறைய பேர் "நல்லா இருக்கு, ஆறுது"ன்னு மூணு மாசம் எழுதிக்கிட்டே இருப்பாங்க.

---

ஓசூர் கம்பெனி நர்ஸ்

நான் தொழிற்சாலை முதலுதவி ரூம்ல இருக்கேன், எனக்கு வர்றது எல்லாம் புது காயம். பிரஸ்ல விரல் மாட்டறது, தகடு கிழிக்கிறது. நாள்பட்ட புண்ணு பத்தி எனக்கு அதிகம் தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லத் தோணுச்சு. எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே கூட இருக்கறவங்க காபித்தூள், மஞ்சத்தூள், சுண்ணாம்பு ஏதாவது அப்பிடறாங்க. அதைக் கழுவி எடுக்கறதுக்குள்ள காயத்தோட ஆழம் தெரியாம திணறணும். சிஸ்டர், அந்தப் பெரியவர் சம்சாரம் நீங்க போகாத நாள்ல கட்டும்போது என்ன வைக்கறாங்கன்னு ஒரு தடவை நேர்ல நின்னு பாருங்க. கேட்டா "நீங்க சொன்னதுதான்"னு சொல்வாங்க. பாத்தாத்தான் தெரியும்.

---

ஊத்தங்கரை மருமகள்

நான் நர்ஸ் இல்லைங்க. படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

2021 ஆகஸ்ட் மாசம் எங்க மாவட்டத்துல சாமனப்பள்ளியிலதான் இந்த மக்களைத் தேடி மருத்துவத்தை ஆரம்பிச்சாங்க. அப்ப எங்களுக்கு அது டிவி செய்தி. அடுத்த வருஷம் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து படுத்தப்பதான் அந்த சிஸ்டர் எங்க வீட்டுப் படி ஏறினாங்க. அதுக்குள்ள மாமாவுக்கு இடுப்புக்குக் கீழ முதுகு எலும்பு முனையில புண்ணு, என் உள்ளங்கை அளவு. நான் தினமும் பவுடர் போட்டு, தேங்காண்ணெய் வெச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். நல்லதுன்னு நினைச்சு.

சிஸ்டர் வந்ததும் புண்ணைத் திறப்பாங்கன்னு நான் வெந்நீர் எடுத்துக்கிட்டு ஓடினேன். அவங்க கட்டிலைத்தான் பாத்தாங்க. எங்க கட்டில் நாடாக் கட்டில், நடுவுல தொட்டில் மாதிரி தொங்கும், மேல ஒரு பஞ்சு மெத்தை. மெத்தைக்கு அடியில கையை விட்டு, உள்ளங்கையை மேல பாக்க வெச்சு, மாமாவோட இடுப்புக்கு நேரா நிறுத்தினாங்க. "இங்க கை வைங்க அக்கா"ன்னு என் கையையும் புடிச்சு வெச்சாங்க. மெத்தையைத் தாண்டி எலும்பு என் கையில குத்துச்சு. அப்படியே ஒரு நிமிஷம் வெக்கச் சொன்னாங்க. என் கையே வலிச்சுது. "ராத்திரி முழுக்க இதேதான் அக்கா தாத்தாவுக்கு"ன்னாங்க. அன்னிக்குச் சொன்னதை நான் மறக்கவே இல்ல. அதுக்கு அப்புறம்தான் புண்ணைக் கழுவினாங்க. எலும்பு மேல இருக்கிற தோலைத் தேய்க்கவே கூடாது, சிவந்த இடத்துல தேய்ச்சா உள்ள இன்னும் கிழியும்னு அன்னிக்குத்தான் தெரியும்.

அப்புறம் காத்து மெத்தை ஒண்ணு ஏற்பாடு ஆச்சு. ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பணும்னாங்க. என் பையன் சுவத்துல கரித்துண்டால கட்டம் போட்டு இடது, வலது, மல்லாக்கன்னு எழுதி வெச்சான். ராத்திரி அலாரம் வெச்சு நானும் எங்க வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி எழுந்திருப்போம். சாப்பாட்டுல என்ன குடுக்கறீங்கன்னு கேட்டாங்க. களி கரைச்சு ஊத்தறேன்னேன். தினம் ரெண்டு முட்டை, பருப்பு, பாசிப்பயறு சேக்கச் சொன்னாங்க. புண்ணு வழியா சத்து நிறைய ஒழுகிப் போகுதாம். ஒரு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வெச்சு 9 கிராம் உப்புப் போட்டு ஆறவெச்சுக் கழுவச் சொல்லிக் குடுத்தாங்க, மளிகைக் கடைத் தராசுல நிறுத்துப் பொட்டலம் கட்டி வெச்சேன்.

மூட ஏழு மாசம் ஆச்சுங்க. ஒவ்வொரு தடவை வரும்போதும் அந்த சிஸ்டர் என்கிட்ட முதல்ல கேட்டது, "நீங்க தூங்கினீங்களா அக்கா?" நான் தூங்கலன்னா மாமாவைத் திருப்ப மாட்டேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

---

பென்னாகரம் செவிலி

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க. நடுவுல தடுப்பூசி முகாம் வேலை.

காவேரிப்பட்டணம் அம்மா, நீங்க சொன்ன வரிசையிலயே போனேன். முதல்ல செருப்பு. பெரியவர் ரப்பர் செருப்பைத் திண்ணைக்கு அடியில இருந்து எடுத்துத் திருப்பினேன். பெருவிரல் வார் அறுந்து, அடியில பின்னூசி குத்திப் போட்டிருக்கார். அடி தேஞ்சு தாள் மாதிரி ஆயிடுச்சு, மேல இருந்து தடவினாலே பின்னூசி முண்டு கையில தட்டுது. நேரா புண்ணு இருக்கிற மேட்டுல. அஞ்சு வாரம் அந்தச் செருப்பு எனக்கு ஒரு முழம் தூரத்துல கிடந்திருக்கு. அவர்கிட்ட காட்டினேன். வாங்கிப் பாத்துட்டு, "இது ஒரு வருஷமா கிடக்குதும்மா, குத்தவே இல்லையே"ன்னார். பேனா முனையால பாதத்துல ஏழெட்டு இடத்துல லேசாத் தொட்டு, கண்ணை மூடிக்கிட்டு சொல்லுங்கன்னேன். குதிகால்ல மட்டும் "இருக்கு"ன்னார். மத்த இடம் எல்லாம் அமைதியா இருந்தார். எதிர்ல நின்ன அவர் சம்சாரத்துக்கு முகம் மாறிடுச்சு.

ஓசூர் சிஸ்டர், நீங்க சொன்னதும் சரி. அந்த அம்மாவைக் கட்டச் சொல்லிப் பக்கத்துல உக்காந்தேன். அயோடினுக்கு மேல வேப்ப எண்ணெயும் மஞ்சளும் குழைச்சு வெச்சாங்க. திட்டல. இனிமே சீட்டுல எழுதினது மட்டும் போதும்மா, எண்ணெய் வெச்சா எனக்கு உள்ள பாக்க முடியலன்னு சொன்னேன். சரின்னுட்டாங்க.

நாடி ரெண்டும் கிடைச்சுது. பாதத்து மேல சுலபமாத் தெரிஞ்சுது, கணுக்காலுக்குப் பின்னாடி ரொம்ப நேரம் தேடினேன், என் விரல்ல என் நாடியே அடிக்குதோன்னு சந்தேகம் வந்து, என் கழுத்துல இன்னொரு கை வெச்சு ஒப்பிட்டுப் பாத்தேன். ரெண்டும் வேற வேற. அவருதுதான்.

அப்புறம் எங்க ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாகிட்ட நீங்க சொன்ன மாதிரியே அளவை மட்டும் சொன்னேன். எட்டு இருந்தது ஏழரைன்னதும் எழுதிக்கிட்டு இருந்த பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. "எத்தனை வாரம்னு சொன்னீங்க?"ன்னாங்க. அடுத்த நாளே பெரியவரை வரச்சொல்லி, தடிப்பைச் சீவி எடுத்தாங்க. சீவினதும் புண்ணு முதல்ல இன்னும் பெருசாத் தெரிஞ்சுது, 3.4-க்கு 2.7. பயந்துட்டேன், மூடி இருந்ததுதான் இப்ப தெரியுதுன்னு சொன்னாங்க. புரோப் விட்டுப் பாத்தாங்க, எலும்பு தட்டல. எக்ஸ்ரேவுக்கு தருமபுரி மெடிக்கல் காலேஜுக்கு எழுதினாங்க, எடுத்தாச்சு, எலும்புல ஒண்ணும் இல்லன்னாங்க. அயோடினை நிறுத்திட்டு சலைன், பாரஃபின் காஸ், மேல பேடு, ஒண்ணு விட்டு ஒரு நாள். ஆர்டர் அவங்க கையெழுத்துல ஷீட்ல இருக்கு, அரூர் அண்ணா, நீங்க சொன்னதும் என் மனசுல இருந்துச்சு.

மாவுக்கட்டுக்கு அவர் ஒத்துக்கல. எம்.சி.ஆர். செருப்பு வாங்கியாச்சு, மேட்டுக்கு நேரா குழி வெட்டி. ஆனா ஆடு? அதுதான் ரொம்பக் கஷ்டமாப் போச்சு. பையன் பெங்களூர்ல கட்டட வேலை, வர முடியாது. "ஆடு பட்டினி கிடக்கும்மா, நான் உக்காந்தா எப்படி"ன்னு பெரியவர் அழுதுட்டார். ரெண்டு தடவை இதுக்காகவே போய் உக்காந்து பேசினேன். கடைசியில அடுத்த தெரு பங்காளிகிட்ட ஆட்டைப் பங்குக்கு மேய்க்க விட்டிருக்காங்க, பொறக்கிற குட்டியில பாதி அவங்களுக்கு. அவருக்கு அது பெரிய நஷ்டம், எனக்குத் தெரியும். இப்ப கொல்லைக்கு மட்டும் போறார், காலையில ஒரு தடவை, செருப்பு போட்டுக்கிட்டு. கொல்லைக்கும் போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

நேத்து அளந்தேன். 2.3-க்கு 1.8. ஓரத்துல சுத்தி ஒரு இழை அளவு, முத்து மாதிரி வெளிறின ரோஸ் கலர்ல புதுத் தோல் உள்ள வந்துக்கிட்டு இருக்கு. ஃபோட்டோவைப் பெரியவர்கிட்ட காட்டினேன். அவருக்குத் தன் உள்ளங்காலைத் திருப்பிப் பாக்க முடியாது, இடுப்பு வளையாது. அதனால இதுவரைக்கும் அவர் அந்தப் புண்ணை முழுசாப் பாத்ததே இல்லையாம். ஃபோனை வாங்கிக் கிட்ட வெச்சு ரொம்ப நேரம் பாத்தார்.

ஊத்தங்கரை அக்கா, மெத்தைக்கு அடியில கை வைக்கிறதை இந்த வாரம் மூணு வீட்டுல செஞ்சேன். ஒரு வீட்டுல எலும்பு தட்டுச்சு, தோல் இன்னும் கிழியல. காத்து மெத்தைக்கு எழுதிக் குடுத்திருக்கேன்.

அந்தக் குதிகால் பாட்டி வீட்டுக்கும் போனேன். மிச்சம் இருக்கிற இடது கால்ல நாடி பாத்தேன், பாதத்துல கிடைக்கல, கணுக்கால்ல ரொம்ப மெல்லிசா இருக்கு. குதிகால் தோல் முழுசா இருக்கு. டாக்டரம்மாகிட்ட சொல்லி, ரத்தக்குழாய் பாக்க அடுத்த செவ்வாய் அனுப்பறோம், 8 மணிக்கு வண்டி வரும்னு சொல்லிட்டு வந்தேன். காபித்தண்ணி குடிச்சேன்.